நான் செத்த ஞாயிற்றுக்கிழமையும் மூன்று ஆராய்ச்சிகளும்

அவைத் தலைவர் அவர்களே! எனக்குப் பத்தே நிமிஷம் என்று சொல்லிவிட்டு மணியைக் கையை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருக்கும் செயலாளர் அவர்களே! மொழியை ஆராய்ந்தவர்களே, மண்ணை ஆராய்ந்தவர்களே, மருந்தை ஆராய்ந்தவர்களே, எதையும் ஆராயாமல் மத்தியானச் சாப்பாட்டை மட்டும் மோப்பம் பிடித்து முன்வரிசையில் இடம் போட்டிருக்கும் என் தோட்டத்துச் சொந்தங்களே! ராசா, அம்பாங்கான் ஊர்களிலிருந்து பேரப்பிள்ளைகளின் காரில் வந்து இறங்கியிருக்கும் தாய்மார்களே! எழுத்தறியாத இந்தக் கிழவன் உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறான்.

நான் சொல்லப்போவது எந்த வருஷம்? எண் எனக்குத் தெரியாது, அடையாளம் தெரியும். கொரியாவில் சண்டை ஓய்ந்து ரப்பர் விலை தொப்பென்று விழுந்ததே, அந்த வருஷம். சீமையில் மகாராணிக்கு முடி சூட்டினார்கள் என்று எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பீங்கான் கோப்பை கொடுத்தார்களே, அந்த வருஷம். துப்பாக்கியோடு காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோம் என்று நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி அடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. படித்த பிள்ளைகள் இதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

மலாய் நாட்டில், சுவா ஊருக்கு உள்ளே தள்ளி, கல்லுப்பால ரப்பர் தோட்டம். கேட்டில் போலீஸ் நிற்கும். உள்ளே உறவுக்காரன் வர முடியுமா? முடியாது. ஐஸ்கிரீம்காரன் வர முடியுமா? முடியாது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வர முடியுமா? தலைக்கு ஒரு பாஸ் வேண்டும்! ஆனால் தாய்மார்களே, ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஒருவரல்ல, இருவரல்ல, ஒரே வாரத்தில் மூவர்!

முதலாமவர் மண் துரை. மரத்துக்கு மரம் பள்ளம் தோண்டி, மண்ணை எடுத்து, மூக்கருகில் வைத்து, பொட்டலம் கட்டுவார். இரண்டாமவர் கொசுத் துரை. எங்கள் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, பேரை ஒட்டுவார். மூன்றாமவர் சிங்கப்பூரிலிருந்து வந்த பேராசிரியர் கனகசுந்தரம். யாழ்ப்பாணத்துத் தமிழர். பெட்டி ஒன்று கொண்டுவந்தார். நாடா சுற்றிச் சுற்றிக் குரலைப் பிடிக்கும் பெட்டி. அது ஓட ஒரு லாரி பேட்டரி. நாங்கள் பாடும் பாட்டெல்லாம் அவருக்கு வேண்டும். தாலாட்டுப் பிடித்தார், கும்மி பிடித்தார், எங்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி எங்களைத் திட்டுவதையும் பிடித்தார். பாக்கி இருந்தது ஒப்பாரி.

ஒப்பாரிக்கு எங்கள் லயத்தில் மயிலம்மாளை விட்டால் ஆள் கிடையாது. எனக்கு அத்தை. தாய் தகப்பனை இழந்த எனக்குச் சோறு போட்டவள்.

"அம்மா, ஒப்பாரி ஒண்டு பாடுங்கோ."

"யாருக்குய்யா?"

"சும்மா பாடுங்கோ."

"சும்மா பாடுறதுக்கு அது என்ன சினிமாப் பாட்டா? பொணம் எங்கே?"

"பிணம் இல்லாமல் பாடேலாதோ?"

"வராதுய்யா. வந்திருந்தா இந்தப் பத்து வருஷத்துல எனக்கு வந்திருக்கும்."

இந்தக் கடைசிப் பேச்சை அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் போட்டுக்கொள்ளவில்லை.

பேராசிரியர் முகம் வாடிவிட்டது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு பிணம் இல்லாமல் தமிழ் ஆராய்ச்சி தடைப்படலாமா? "நான் படுக்கிறேன் சார்" என்றேன். ஒரு டின் சிகரெட் தருவதாகப் பேச்சு.

என்ன தம்பி, பின்வரிசையிலே? சிகரெட் கிடைத்ததா என்றா? இன்னும் வரவில்லை தம்பி!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் பாய் விரித்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள், நெற்றியில் காசு வைத்தார்கள், தலைமாட்டில் சாம்பிராணி போட்டார்கள். தலையைச் சுற்றித் துணியால் நாடியைக் கட்டும்போது அத்தை சொன்னாள்: "பொறந்ததிலேருந்து இன்னிக்குத்தான் இவன் வாய் சும்மா இருக்கு." பேராசிரியர் பெட்டியைத் திருகினார். யாரும் மூச்சு விடக்கூடாது என்றார். அத்தை மார்பில் அடித்துத் தொடங்கினாள்:

"காண்டா சுமந்துவரும் தோளழகே எஞ்சாமி
கண்ணாடி மேனியிலே மண்ணாடப் போறதென்ன!"

பெரியோர்களே! முந்தின நாள் வரைக்கும் அவள் வாயில் நான் தண்டச்சோறு. செத்த அஞ்சு நிமிஷத்தில், பால் வாளி தொங்கும் காண்டாக் கழியைச் சுமக்கும் தோளழகன் ஆகிவிட்டேன். இவ்வளவு லாபம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் முன்னாடியே செத்திருப்பேன்!

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் செல்லப்பா கிராணி. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், பேர்ப்பட்டியல் அவர் கையில். ரேஷன் அரிசி தலைக்கு இவ்வளவு என்று அளக்கிற காலம். தலை ஒன்று குறைந்தால் அன்றைக்கே போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் செத்தவன் அரிசி காட்டுக்குப் போகிறதென்று கிராணியையே பிடித்துவிடுவார்கள். அவர் வந்து "யார்?" என்று வாயெடுத்தார். மண்டோர் நல்லசாமி உதட்டில் விரலை வைத்தான். பெட்டி ஓடுகிறதல்லவா! "அர்ச்சுனனோ?" என்று கிராணி என் பேரைச் சத்தமில்லாமல் உதட்டசைவில் கேட்டார். மண்டோர் தலையை ஆட்டினான். கிராணி கண்ணைத் துடைத்தார், ஆணியில் தொங்கிய என் சட்டையிலிருந்து அடையாளக் கார்டை எடுத்தார், போய்விட்டார். இவ்வளவும் மண்டோர் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிணத்துக்குக் கண் மூடியிருந்தது.

அவர் போன பிறகு சாம்பிராணி மூக்கில் ஏறியது. தும்மினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அத்தை ராகத்தை விடாமல் அதே இழுப்பில் இழுத்தாள்: "செத்தவனே செல்லமே தும்மாதடா எஞ்சாமி!" பேராசிரியர், நிறுத்தாதே, பாடு என்று கை காட்டினார். அவள் பாடினாள். ஆனால் அதற்குப் பிறகு பாட்டு மாறிவிட்டது. எனக்குப் பாடவில்லை என்று படுத்திருந்த எனக்குத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் திங்கள். விடியுமுன் பெரட்டு. எல்லோரும் வரிசையில் நிற்க, கிராணி விளக்கைப் பிடித்துப் பேர் பேராகக் கூப்பிடுவார். "இருக்கேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். என் பேர் வரவில்லை.

"ஐயா, என் பேரு?"

கிராணி விளக்கை உயர்த்தி என்னைப் பார்த்தார். "நீ செத்துப் போனாய் எல்லோ? நான் எழுதி அனுப்பிப்போட்டன்."

"திருப்பி எழுதுங்கய்யா!"

"சாவுக்கு ஃபாரம் இருக்குது ஐசே. திரும்பி வாறதுக்கு ஃபாரம் இல்லை."

சிரிக்கிறீர்கள். அன்று சிரிக்க முடியவில்லை. பேர் இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் அரிசி இல்லை. கார்டு இல்லை என்றால் கேட்டைத் தாண்ட முடியாது. கொசுத் துரை மட்டும் வழக்கம்போல விரலைக் குத்திவிட்டுப் போனார். மத்தியானம் போலீஸ் வந்தது. மலாய்க்கார இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். "அர்ச்சுனன் சுடா மாத்தி லா" என்றார். செத்தாச்சு என்று அர்த்தம். "செத்தவன் பேரை வைத்துக்கொண்டு நிற்கிற நீ யார்? காட்டிலிருந்து இறங்கி வந்தவன்தானே?" லயமே சேர்ந்து சத்தியம் செய்தது. லயத்தார் பேச்சை யார் நம்புவார்கள்? காட்டுக்குச் சோறு கொடுப்பவர்கள் என்றுதானே எங்களுக்கு வேலி! கிராணியைக் கேட்டார்கள். பொய் எழுதினார் என்று தன் வேலை போய்விடுமோ என்று பயந்து, "முகம் ஒரே சாடைதான்..." என்று இழுத்தார். அன்றே லாக்கப்பில் போட்டார்கள். வெள்ளிக்கிழமை லாரி வரும், முகாமுக்கு ஏற்றுவார்கள், அங்கிருந்து நாகப்பட்டினம் கப்பல். நான் பிறந்தது அந்த லயத்தில்! கப்பலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை!

மயிலம்மாள் என்ன செய்தாள்? அழுதாளா? பேராசிரியர் தங்கியிருந்த பங்களாவுக்குப் போய் வாசலில் நின்றாள். "என் புள்ளையைக் கொன்னது உம்ம பெட்டி. தூக்கிட்டு வந்து எழுப்பும்!" அதோடு விட்டாளா? கொசுத் துரையையும் மண் துரையையும் வழியில் மறித்து, தமிழிலேயே திட்டி, இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வியாழக்கிழமை ஸ்டேஷனில் மூன்று ஆராய்ச்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

கொசுத் துரை இரண்டு கண்ணாடித் துண்டைக் காட்டினார். "இது போன வாரத்து அர்ச்சுனன் ரத்தம், இது திங்கட்கிழமை ரத்தம். இரண்டிலும் ஒரே மலேரியா." இன்ஸ்பெக்டர் சொன்னார்: "மலேரியா எனக்கும்தான் இருக்கிறது. அதனால் நான் அர்ச்சுனனா?"

மண் துரை எழுந்தார். "தோட்டத்து இடுகாட்டு மண்ணைப் பார்த்தேன். எட்டு மாதமாக அங்கே மண்வெட்டி படவில்லை. செத்தவன் எங்கே?" இன்ஸ்பெக்டர் யோசித்தார். "வேறெங்காவது போட்டிருந்தால்?"

(மணி அடிக்காதீர்கள் செயலாளர் அவர்களே! லாரி நாளைக்கு வருகிறது, நான் இன்னும் லாக்கப்பில் இருக்கிறேன்!)

பேராசிரியர் பெட்டியைத் திருகினார். ஒப்பாரி ஓடியது. தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. "செத்தவனே தும்மாதடா!" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாம்பிராணி கொண்டு வா!" என்றார். என்னைத் தரையில் படுக்க வைத்துத் தலைமாட்டில் புகை போட்டார்கள். கொசுத் துரை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பென்சிலோடு குனிந்தார். என் உயிர் என் மூக்கில் நிற்கிறது பெரியோர்களே! வருமா, வராதா? வந்தது! ஒன்று, இரண்டு, மூன்று! அதே கனம், அதே இடைவெளி! ஸ்டேஷனே சிரித்தது.

ஆனால் பெட்டியை நிறுத்த எல்லோரும் மறந்துவிட்டார்கள். நாடா சுற்றிக்கொண்டே இருந்தது.

"ரயிலுக்குக் கட்டை போட சியாமுக்குப் போனவரே
ஒருபிடி மண்போட உடம்பொண்ணு வரலியே
யாரோ படுத்திருக்கான் உம்ம பாயில எஞ்சாமி
அவனைச் சாக்கா வச்சு அழுதுக்கிறேன் எஞ்சாமி!"

இன்ஸ்பெக்டர் கேட்டார், இது யாருக்கு என்று. "அவள் புருஷனுக்கு" என்றேன். "சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் ரயில்பாதை போடக் கொண்டுபோனான். திரும்பி வரவில்லை." அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பாட்டு முடியும் வரை கேட்டார். பிறகு என் கார்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். மறுநாள் வந்த லாரி காலியாகத் திரும்பியது.

கிராணி பட்டியலில் எழுதினார்: "ஞாயிறு, மரணம். வெள்ளி, வேலைக்குத் திரும்பினார்."

இப்போது சொல்லுங்கள், எந்த ஆராய்ச்சி பெரிது? சொல்லாராய்ச்சி என்னைக் கொன்றது. ரத்த ஆராய்ச்சி தனியாக என்னை எழுப்பியதா? இல்லை! மண் ஆராய்ச்சி தனியாக எழுப்பியதா? இல்லை! மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் ஒரு கூலிக்காரனின் உயிர் திரும்பியது. அவர்களை உட்கார வைத்தது யார்? ஆனா ஆவன்னா தெரியாத, ரப்பர் மரம் சீவிய ஒரு பால்மரக்காரி! பத்து வருஷம் தொண்டைக்குள் வைத்திருந்த அழுகையை அழ அவளுக்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது. அந்த அழுகையை ஓர் அதிகாரி கேட்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. உங்கள் பெட்டியையும் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு போங்கள், எங்கும் போங்கள், எதையும் கேளுங்கள்! ஆனால் நீங்கள் தேடி வந்தது முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நாடாவை ஓடவிடுங்கள்!

போன மாதம் ஒரு பிள்ளை பேராசிரியரின் புத்தகத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். பதினேழாம் ஒப்பாரியின் அடியில் எழுதியிருக்கிறதாம்: "பாடியவர் மயிலம்மாள். பிணம் அர்ச்சுனன்." மனிதர் எதையும் விடவில்லை!

மேடை கொடுத்த தலைவருக்கும், மணியை அடக்கிய செயலாளருக்கும், பசியைப் பொறுத்த தாய்மார்களுக்கும் நன்றி, வணக்கம். போகுமுன் ஒரு பெரட்டு எடுத்துவிடுகிறேன்.

செல்லப்பா கிராணி? இல்லை. மண்டோர் நல்லசாமி? இல்லை. பேராசிரியர் கனகசுந்தரம்? இல்லை. மண் துரை, கொசுத் துரை? சீமைக்குப் போய் அங்கேயே மண்ணானார்கள். இன்ஸ்பெக்டர்? இல்லை. மயிலம்மாள்? இல்லை, அவளுக்கு நான் அழுதேன், உடம்பை வைத்துக்கொண்டே அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செத்துப்போன அர்ச்சுனன்?

இருக்கேன் ஐயா!