சுற்றமும் நட்பும் சூழ

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவன், மனைவி. முத்தையாபுரம் தாண்டியதும் அவர் சொன்னது காதில் விழுந்தது.

"ஏளா, நான் ஒரே ஒரு எழுத்தைத்தான் கூப்பிட்டேன். ஊரே வந்து உக்காந்திருக்கு."

"எந்த எழுத்து?"

"மக கல்யாணப் பத்திரிகை அடிக்க நெட்டுல ஓசியில தமிழ் எழுத்து ஃபாண்ட் இறக்குனேம்லா? கூடவே சீட்டு விளையாட்டு ஒண்ணு, வைரஸ் பிடிக்கேன்னு ஒண்ணு, மழை வருமான்னு சொல்ல ஒண்ணு. கம்ப்யூட்டர் அசைய மாட்டேங்கு."

"நீங்க சரின்னு சொல்லாமயா வந்துச்சு?"

"டிக் அதுவே போட்டு வச்சிருந்துச்சு. நான் பார்க்கல."

"பத்திரிகையில என்ன அடிச்சீங்க?"

"'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து'ன்னு..."

"பின்ன? மரியாதைக்குக் கூப்பிட்டீங்க, அதுவும் சூழ வந்திருக்கு."

"சிரிக்காத. நாளைக்குப் பிரஸ்ஸுல குடுக்கணும். கூட வந்ததுகள எடுத்தா எழுத்தும் சேர்ந்து போயிருது."

ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்தவர், மறுபடி மனைவி பக்கம் திரும்பினார்.

"பேசாம பத்திரிகையில அந்த வரிய எடுத்திருவோமா? ஒங்க அண்ணன் போன விசேஷத்துக்கு வேன் பிடிச்சுல்லா வந்தாரு."

"எங்க அண்ணனை எடுத்துப் பாருங்க. நானும் சேர்ந்து போயிருவேன்."