இரண்டரை மணிக்குத் தொண்ணூற்றேழு டிகிரி

காலையில் எண்பத்து நான்கு டிகிரியில் ஒழுங்காக ஓடுகிற என் கணினியின் ப்ராசசர், மதியம் இரண்டரை மணியானால் மட்டும் ஏன் தொண்ணூற்றேழுக்குப் போகிறது என்பது மூன்று வாரமாக எனக்குப் பிடிபடவில்லை. அதே வேலை, அதே மேசை, அதே மின்விசிறி. நேரம் மட்டும்தான் வேறு.

ஐயா, அங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும். நான் நடுநடுவே எழுந்து நடப்பேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது.

கட்டப்போகிற வீடுகளை முன்கூட்டியே நிஜம்போல் படமாக்கிக் கொடுப்பது என் தொழில். ஒரு படம் உருவாக ஆறு மணி நேரம் ஆகும். சூடு நூறைத் தொட்டால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக அணைந்துவிடும்; ஆறு மணி நேர வேலை போச்சு. அந்தக் கணினியை ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே சேர்த்தேன். பாகம் வாங்கிய கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ப்ராசசர் மேல உட்கார்ற கூலர் அடியில ஒரு பிளாஸ்டிக் ஒட்டியிருக்குமே, உரிச்சீங்களா?" என்றார்.

"உரிச்சேன்."

"உரிக்காதவங்களும் இதேதான் சொல்வாங்க. கழட்டிப் பாருங்க."

கழற்றிப் பார்த்தேன். உரித்துத்தான் இருந்தது. கழற்றியதற்கு, நடுவில் சூடு கடத்துகிற பேஸ்ட்டையும் புதிதாகத் தடவினேன். ப்ராசசரின் மேல்தகடும் கூலரின் அடித்தகடும் கண்ணுக்கு வழவழவென்று தெரியும். உண்மையில் இரண்டிலும் மேடுபள்ளம். அந்தப் பள்ளத்தில் காற்று தங்கினால் சூடு தாண்டிப் போகாது. பேஸ்ட் அந்தக் காற்றை வெளியேற்றி அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஒரு பட்டாணி அளவு போதும். இதையெல்லாம் நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மறுநாள் இரண்டரைக்கு மறுபடியும் தொண்ணூற்றேழு.

தூசி தட்டினேன். மின்விசிறிகள் முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளுகின்றனவா என்று காகிதத் துண்டு பிடித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. பிறகுதான் ஒரு தெர்மாமீட்டரை மேசையில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க ஆரம்பித்தேன். இரண்டரைக்கு என் அறையே சூடாகிறது. ப்ராசசர் தன் சூட்டை அறைக் காற்றில்தானே கொட்டுகிறது? அறை ஒரு டிகிரி ஏறினால் அதுவும் ஒரு டிகிரி ஏறும்.

அறை ஏன் சூடாகிறது? அதற்கு எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். ஒரே பெரிய அறையை நடுவில் பிளைவுட் அடித்து இரண்டாக்கியிருந்தோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அண்ணன். ஏசி ஒன்றுதான். பிளைவுட்டின் மேல்பகுதியை வெட்டி, பாதி இங்கே பாதி அங்கே தெரிகிற மாதிரி அதைப் பொருத்தியவர் அண்ணன்தான். நல்ல கைவேலைக்காரர். பக்கவாதம் வந்து படுத்தபிறகு அவருக்கு மிஞ்சியது இடது கையும் நாலைந்து சொல்லும். அந்த இடது கையில் ஏசியின் ரிமோட். மதியம் அவர் பக்கத்துச் சுவரில் மேற்கு வெயில் விழும். உடனே ஏசியின் வாயிலுள்ள பட்டைகளை முழுக்கத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். சரியாக இரண்டரை.

கண்டுபிடித்த அன்று எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கடைக்காரரிடம் சொன்னேன். "ரூமைத்தான் குளிர்விக்கணும்போல."

"செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டாதீங்க சார். மெஷினைப் பாருங்க," என்றார். எனக்கு என்னவோ அவர் விஷயம் தெரியாமல் பேசுவதாகப் பட்டது.

அண்ணி தையல் கம்பெனியில் மேற்பார்வை வேலை. காலை எட்டுக்குப் போனால் ஆறுக்குத்தான் வருவார். பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. செருப்பை மாட்டும்போது தினமும் ஒரே பாட்டுத்தான்.

"தம்பி, மதியம் ஏசி அவர் பக்கம் திரும்பியிருக்கணும். மறந்துடாதீங்க. தண்ணியும் குடுங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா அண்ணி? போய்ட்டு வாங்க."

திங்கட்கிழமை ஒரு தெர்மாகோல் அட்டையை அளந்து வெட்டி, ஏசியின் அந்தப் பக்கப் பாதியை அடைத்தேன். ரிமோட்டில் பேட்டரியைக் கழற்றிவிட்டு ரிமோட்டை மட்டும் அவர் கையிலேயே திரும்ப வைத்தேன். கையில் ரிமோட் இருந்தால் மனிதருக்கு ஒரு தைரியம். அவர் அழுத்தினார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அழுத்தினார். "காத்து," என்றார். அவருக்கு மிஞ்சிய சொற்களில் அதுவும் ஒன்று.

என் பக்கம் நான்கு டிகிரி குறைந்தது. ப்ராசசர் தொண்ணூற்று மூன்று. கணக்கு எவ்வளவு துல்லியம் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை கணினிப் பெட்டியான கேபினெட்டின் பின்னால் வருகிற சூடான காற்று சுற்றிச் சுற்றி முன்னாலேயே வந்து நுழைவதைக் கவனித்தேன். சூடு அழியாது ஐயா, இடம் மாறும், அவ்வளவுதான். அடுப்படிப் புகைக்குப் போடுகிற அலுமினியக் குழாயில் ஒரு துண்டு வாங்கி, கேபினெட்டின் பின்புறத்திலிருந்து பிளைவுட்டில் ஒரு துளை போட்டு அந்தப் பக்கம் விட்டேன். வெளிக்காற்று அனலாக வந்ததால் அவருடைய ஜன்னலையும் சாத்தினேன். ப்ராசசர் தொண்ணூறு. அந்தப் பக்கமும் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருந்தேன், நாற்பத்தொன்று. என் அட்டவணையை எடுத்துப் பார்த்திருப்பீர்கள். நேரம், ப்ராசசர், என் பக்கம், அவர் பக்கம் என்று நான்கு பத்திகள். ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை.

மணி என்ன? சரி, பரவாயில்லை.

அவர் தலைமாட்டில் ஓர் அழைப்பு மணி உண்டு. அதை அடித்தார். முதலில் போனேன், தண்ணீர் கொடுத்தேன். பிறகு அடிக்கடி அடித்ததால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். அப்படியும் மணி மெல்லக் கேட்டது, உட்கார முடியவில்லை. எழுந்து போவேன், பிளைவுட் வரை போய்த் திரும்பி வருவேன், திரையில் எண்ணைப் பார்ப்பேன், மறுபடியும் எழுந்திருப்பேன். அந்த வாரம் அந்தப் பத்தடியில் எத்தனை மைல் நடந்திருப்பேனோ.

ஐந்தரைக்கு அட்டையை எடுத்து என் கட்டிலுக்கடியில் தள்ளி, குழாயைச் சுருட்டி, துளையை மறைத்து, பேட்டரியைப் போட்டு, ஏசியை அவர் பக்கம் திருப்பிவிடுவேன். அண்ணி வரும்போது அறை குளுகுளுவென்று இருக்கும்.

"ரூம் குளுந்துதான் கெடக்கு. இவரு உடம்பு மட்டும் ஏன் தம்பி இப்படிக் கொதிக்குது?"

"காய்ச்சலா இருக்கும் அண்ணி. ஊரெல்லாம் இருக்கு."

"ஏதோ சொல்ல வர்றாரு, பாருங்க."

"மாத்திரை வேணும்பாரு."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் நான் ரேடியோவைப் பிரித்துப்போட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் நின்றதிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர் "பிரிச்சான்". என்னைப் பெண் பார்க்கக் கூட்டிப்போன வீட்டிலும் அப்படித்தான் சொன்னார். "இவனுக்குப் பிரிக்கத்தான் தெரியும், சேக்கத் தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

மனித உடம்பும் ஏறக்குறைய அதே தத்துவம்தான். வியர்வை ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வியர்வைக்குத் தண்ணீர் வேண்டும், ஆவியாகக் காற்று வேண்டும். அவர் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று உடம்பில் தண்ணீரைக் குறைப்பது. வெயில் ஆகாது, கவனம் என்று மருத்துவர் சொன்னபோது அண்ணியோடு நானும் இருந்தேன். கணினிக்கு நூறில் அணைகிற பாதுகாப்பு உண்டு. உடம்பிலும் ஒன்று உண்டு, ஆனால் அது அணைந்தால் திரும்பப் போட முடியாது. இது எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்.

புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு நான் மதர்போர்டின் அமைப்புகளைத் திறந்து ஒரு மாற்றம் செய்தேன் என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். உண்மைதான். அன்று இரண்டரைக்கு ப்ராசசர் அறுபத்தாறு. பிரச்சினை அப்போதே தீர்ந்துவிட்டது.

பிறகும் ஏன் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அட்டையைப் பொருத்தினேன் என்கிறீர்கள். பழுது பார்க்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். அட்டையையும் எடுத்துவிட்டு அமைப்பையும் மாற்றினால், எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். மூன்று நாளாவது பார்த்தால்தான் முடிவு உறுதி. வெள்ளிக்கிழமை மூன்று ஐம்பதுக்கு மணி அடிப்பது நின்றது. நான்கு மணி வரியையும், நான்கு பத்து வரியையும் எழுதிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போனேன். ரிமோட் அவர் கையில்தான் இருந்தது. ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மாற்றம் என்னவென்றும் கேட்டீர்கள். எல்லோருக்கும் உபயோகப்படும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சில மதர்போர்டுகள் வாங்கும்போதே ப்ராசசருக்கு வரம்பில்லாமல் மின்சாரம் விடும்படி அமைந்திருக்கும். கணினியை இயக்கத் தொடங்கும்போது அமைப்புகளுக்குள் போய், மின்வரம்பு என்ற இடத்தில் நூற்றிருபத்தைந்து வாட் என்று போட்டுச் சேமிக்க வேண்டும். நான்கு நிமிட வேலை. வேகம் நூற்றுக்கு நான்கு குறையும், சூடு இருபத்து நான்கு டிகிரி இறங்கும். அறையில் எதையும் தொட வேண்டியதில்லை.