பீர்க்கன்கரணை சரோஜினி வீட்டுக் கம்ப்யூட்டரை நான் பழுது பார்த்த விவரம்

நாள்: 2.11.1998, திங்கள், பகல் 11 மணி

என் பெயர் அத்தாவுல்லா. வயது 31. தகப்பனார் பெயர் கிபாயத்துல்லா. மேற்கு தாம்பரம் கடப்பேரியில் மனைவி சித்திகா, இரண்டு பிள்ளைகளுடன் குடியிருக்கிறேன். முடிச்சூர் சாலையில் ஒரு மாடி அறையில் நான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் டிவி பழுது பார்த்தேன். என் மேல் வழக்கு எதுவும் கிடையாது. பீர்க்கன்கரணையில் வசிக்கும் ரத்தினம் என்பவர் காணாமல் போனது பற்றி அவர் மனைவி சரோஜினி கொடுத்த புகாரில் போலீஸ் நிலையத்தில் என்னை விசாரிக்க, நான் சொல்வது பின்வருமாறு.

ரத்தினத்தை நான் பார்த்ததே இல்லை. சரோஜினியை 7.10.98 புதன்கிழமை காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் என் கடைக்கு வந்து, “வீட்ல இருக்கற கம்ப்யூட்டர் ஆன் பண்ணா பாதியில அணைஞ்சு திரும்ப முதல்லேர்ந்து வருது தம்பி. ஆயுத பூஜை வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு” என்றார். அன்று மாலை நான்கு மணிக்கு டிவிஎஸ் ஐம்பதில் அவர் வீட்டுக்குப் போனேன். பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நின்றேன். இதை எழுதிக்கொள்ளும் நிலைய எழுத்தர் இதெல்லாம் வேண்டாம் என்றார். எல்லாவற்றையும் எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் சரோஜினியும், தன் கிண்ணத்தைத் திரும்ப வாங்கிப் போக வந்த பக்கத்து வீட்டுக் கனகவல்லியும் இருந்தார்கள். கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்டிருந்தார்கள். டிவி மாதிரி இருக்கும் மானிட்டரின் தலையில் ஒன்று, கீபோர்டில் ஒன்று, கேபினட் முகப்பில் ஒன்று என்று மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. கேபினட்டில் வைத்தது மட்டும் ஒரு ரூபாய்க் காசை விடப் பெரியதாக, தடிமனாக, காய்ந்து வெடித்திருந்தது. நான் சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் எண்கள் ஓடின, பிறகு விண்டோஸின் மேகப் படம் வந்தது, அதன் பிறகு திரை இருண்டு மறுபடி எண்கள் ஓட ஆரம்பித்தன. பதினோரு முறை பார்த்தேன். ஒருமுறை கூட அந்த மேகத்தைத் தாண்டவில்லை.

அதன் பிறகு கேபினட்டைத் திறந்து தூசி தட்டினேன். முகப்பையும் துடைத்தேன், பொட்டு வைத்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். இதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் சேலையூரில் ஒரு வீட்டில் பூஜைப் பொட்டைத் துணியால் துடைத்துவிட்டேன். அந்த வீட்டு அம்மாவின் முகம் சுண்டிப் போய்விட்டது. அதிலிருந்து அக்டோபர் மாதம் முழுவதும் யார் வீட்டுப் பெட்டியிலும் பொட்டு இருக்கும் இடத்தில் என் கை படாது. மரியாதை என்றுதான் நினைத்தேன்.

டிஸ்க்கில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். எழுதி வைப்பதெல்லாம் சேரும் இடம் டிஸ்க். அதைக் கழற்றும் முன் எல்லாரிடமும் கேட்பது போல சரோஜினியிடமும் கேட்டேன். “அக்கா, உள்ள முக்கியமானது ஏதாவது வச்சிருக்கீங்களா?” அவர் கனகவல்லியை ஒருமுறை பார்த்தார். பிறகு, “அதுல என்ன இருக்கப் போவுது? அவரு சாயங்காலம் உக்காந்து எதையாவது தட்டிக்கிட்டு இருப்பாரு, அவ்ளோதான்” என்றார். “சார் எங்க?” என்று கேட்டதற்கு, ஆபீஸ் வேலையாகக் கோயம்புத்தூர் போயிருப்பதாகச் சொன்னார். “ஆமா, பண்டிகை நேரமும் அதுவுமா இவங்களை வுட்டுட்டு அனுப்பிட்டாங்க பாரு” என்று கனகவல்லி சேர்ந்துகொண்டார். டிஸ்க்கை எடுத்துப் போய்ச் சரி செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று நான் விளக்கிச் சொல்லவில்லை. பூட்டை ரிப்பேர் செய்தால் பெட்டிக்குள் உள்ளது போய்விடுமா என்றுதான் அவரும் நினைத்திருப்பார்.

அதன் பிறகு 8.10.98 காலை கடையில் அந்த டிஸ்க்கை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். அழிக்கும் முன் அதில் என்ன இருக்கிறது என்று ஓட்டிப் பார்க்கவில்லை. போன வருடம் ஒரு டிஸ்க்கிலிருந்து வைரஸ் ஏறி என் கடை மெஷினே படுத்துவிட்டது. அதனால் வெளி டிஸ்க் எதுவாக இருந்தாலும் முதலில் அழிப்பது, பிறகுதான் பார்ப்பது என்று வைத்திருந்தேன். ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை என்று அந்த நிமிடமே தெரிந்திருக்கும். இதை என் வாயாலேயே சொல்கிறேன்.

அதன் பிறகு 9.10.98 வெள்ளிக்கிழமை டிஸ்க்கைக் கொண்டுபோய் மாட்டினேன். மறுபடி அதே எண்கள், அதே மேகம், அதே இருட்டு. மெமரியை மாற்றினேன். பவர் டப்பாவை மாற்றினேன். ஒன்றரை மணி நேரத்தில் அந்த வீட்டுச் சுவரைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். எனக்குப் பேஜாராகிவிட்டது. கடைசியாக, “அக்கா, தப்பா நினைக்காதீங்க, இந்தச் சந்தனத்தைத் தொடலாமா?” என்று கேட்டேன். “இதுக்கா தயங்கினீங்க?” என்று சொல்லி அவரே நகத்தால் சுரண்டினார். கீழே ரீசெட் பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து பட்டனைப் பாதி அமுங்கிய நிலையில் பிடித்து வைத்திருந்தது. உள்ளே விசிறி வேகமெடுத்து அதிரும்போதெல்லாம் பட்டன் தானாக முழுதும் அமுங்கியிருக்கிறது. அவர் சுரண்டியதும் அது வெளியே வந்தது. கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் ஓடியது. எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது.

அப்போது சரோஜினி எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இப்ப அவரு எழுதினதைக் காட்டுங்க தம்பி” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அதன் பிறகுதான் சொன்னார். கோயம்புத்தூர் எல்லாம் பொய். 3.10.98 சனிக்கிழமை ரத்தினம் ஒரு பையுடன் வீட்டை விட்டுப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை ஃபோன் செய்து மகள் ரமாவிடம், “அம்மாவுக்கு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கேன், படிக்கச் சொல்லு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். “எங்க இருக்காரு, எதுக்குப் போனாரு, எல்லாம் அதுலதான் இருக்கும். அன்னிக்குக் கனகவல்லி முன்னாடி இதை எப்படிச் சொல்றது? ஊர் பூரா தெரிஞ்சிடும்” என்றார்.

நான் பொய் சொன்னேன். “பழசெல்லாம் அடியில இருக்குக்கா, எடுக்கணும், டைம் ஆவும்” என்றேன். அவர் தலையாட்டி, “மெதுவா எடுங்க, அவசரப்பட்டு எதையும் கெடுத்துடாதீங்க” என்றார். டிஸ்க்கை மறுபடி கழற்றிக் கடைக்கு எடுத்து வந்தேன்.

அதன் பிறகு என்னிடம் இருந்த சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். 14.10.98 அன்று கம்ப்யூட்டர் சாமான் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு நாள் வைத்திருந்து, “இன்னாபா, புச்சா போட்டதுலாம் பழ்சு மேல குந்திகினு கீது. ஒண்ணும் தேறாது” என்று திருப்பிக் கொடுத்தார். சரோஜினி ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்கு வந்தார். ஒவ்வொரு முறையும், “பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா” என்றேன். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஒரு டப்பாவில் முறுக்கு கொண்டுவந்தார். சித்திகா அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். என்னால் ஒன்றைக் கூட எடுத்துத் தின்ன முடியவில்லை.

ரத்தினம் அதன் பிறகு ஃபோன் செய்யவில்லை. போன வாரம் சரோஜினி இந்த நிலையத்தில் புகார் கொடுத்து, கணவர் எழுதிய கடிதம் என்னிடம் இருப்பதாகவும் நான் அதை டிஸ்க்கிலிருந்து மீட்டுக்கொண்டிருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். நேற்று ஏட்டு ஐயா கடைக்கு வந்து அந்தக் கடிதத்துடன் இன்று வரச் சொன்னார். கடிதம் இல்லை. அதில் இருந்த ஒரு வரி கூட இனி வராது. எனக்கும் ரத்தினத்துக்கும் முன்விரோதம் கிடையாது. யாரும் சொல்லி நான் அழிக்கவில்லை.

கடிதத்தைப் படிக்கலாம் என்று சரோஜினி கண்ணாடியும் கையுமாக இன்று நிலையத்துக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டேன். வாக்குமூலம் முடிந்ததும் போய்ச் சொல் என்றார். அதனால்தான் ரயில்வே கேட்டில் நின்றது வரைக்கும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன், படித்தார். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கி. அத்தாவுல்லா