சீர்த்தட்டுல வந்த சக்கரம்

இல்லண்ணே, இது வேணாம். இதே மாதிரிதான் சைக்கிள்ல இருக்கு. நீங்க காட்டுறது கை நீளமான பிரேக்கு. நீளம் எனக்கு சரியாதான் இருக்கு, அகலந்தான் பத்தல. ரெண்டு கையும் நல்லா விரிஞ்சி நிக்கணும், நடுவுல சக்கரம் உரசாம சுத்தணும். டயரு இல்லண்ணே, ரிம்மே அகலம். ஆமா, ரேஸ் சைக்கிளுதான். வெளிய ஆட்டோல கட்டி எடுத்தாந்திருக்கேன், வந்து பாருங்களேன்.

மெதுவா எறக்குங்க, முன்னாடி கொஞ்சம் நெளிஞ்சிருக்கும். ஆங், எங்கயோ இடிச்சதுதான். அது கெடக்கட்டும், மொதல்ல பிரேக்க பாருங்க.

காலைலேந்து நாய் மாதிரி அலையிறேன். நேரு வீதில ஒருத்தரு, டிஸ்க்கு போட்டுக்கோங்கன்றாரு. டிஸ்க்க எங்க மாட்டுறது, இந்த பிரேம்ல அதுக்கு எடமே இல்ல. இன்னொருத்தன் சின்னப் பசங்க சைக்கிள் பிரேக்க கொண்டாந்து நீட்டுறான். அவன்தான் கடைசில, நெல்லித்தோப்புல தேவதாஸ் அண்ணன் கடைக்குப் போங்க, ரேஸ் ஓட்டுற பசங்க எல்லாம் அங்கதான் போவுதுங்கன்னான். அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?

எனக்கா? நல்லா கேட்டீங்க. இந்தத் தொப்பைய வெச்சிக்கினு நான் அதுல குனிஞ்சன்னா ஆம்புலன்ஸ்தான் வரணும். எங்க அக்கா பொண்ணுக்கு. பூர்ணிமா. ஒம்போதாவது படிக்குது. காத்து மாதிரி ஓட்டும்ணே. பசங்களையே பின்னால வுட்டுட்டுப் போவும்.

இன்னா, இருக்குதா? அகல ரிம்முக்குன்னே வரதா? அப்பாடா. குடுங்க குடுங்க, தொட்டுப் பாக்குறேன். ஆமாண்ணே, இதான். நல்லா விரியுது. மாட்டிடுங்க, முன்னாடி பின்னாடி ரெண்டும். சாயங்காலத்துக்குள்ள ஆவணும், அதுக்கு மேல தாங்காது.

சக்கரம் எங்க வாங்குனதா? மெட்ராஸ்லேந்து வரவழைச்சேன். மாமன் சீருண்ணே அது. சிரிக்காதீங்க, நெசமாதான். பாப்பா பெரிய மனுசி ஆனதும் மஞ்சத்தண்ணி ஊத்துற விசேஷம் வெச்சாங்க, மூலக்குளத்துல மண்டபம் புடிச்சி. எனக்கு ஒரே அக்கா, நான் ஒரே தாய்மாமன். பாப்பாவ தனியா கூப்புட்டு இன்னாடா வேணும், கொலுசா, செயினான்னு கேட்டேன். மாமா, எனக்கு ரேஸ் சக்கரம் ஒரு ஜோடின்னு சொல்லிச்சி. எனக்கு அப்பிடி ஒரு பெருமை. எந்தப் பொண்ணு இத்த கேக்கும், சொல்லுங்க.

மேளதாளத்தோட போனோம்ணே. பழத்தட்டு, பொடவத்தட்டு, நடுவுல ரெண்டு சக்கரம், மஞ்ச குங்குமம் வெச்சி, கம்பி கம்பியா மல்லிப்பூ சுத்தி. அக்காவோட நாத்தனா செல்வாம்பாள்னு ஒண்ணு இருக்குது. அத்தினி பேரு முன்னாடி கேக்குது, இன்னா தம்பி, சக்கரம் வந்திடிச்சி, மீதி வண்டி எப்ப வரும்? மண்டபமே சிரிக்குது. எனக்கு சுர்ருனு ஏறிடிச்சி. நானும் வுடல, இந்தச் சக்கரத்துலதான் எம் பொண்ணு மெடலு வாங்கியாரும், வந்து ஆரத்தி எடுக்கத் தயாரா இருங்கன்னுட்டேன்.

மறுநாளு மாட்டப் போனா, உள்ள நொழையல. பழைய ரிம்மு ஒல்லி, இது குண்டு. ரெண்டு பக்கமும் பிரேக் கட்ட கப்புனு புடிச்சிக்கினு சக்கரம் சுத்தவே மாட்டேங்குது. நான் அளவெடுக்காம வாங்கிட்டேண்ணே. சக்கரத்தோட உயரம் பாத்தேன், செயினு மாட்டுற பல்லு பாத்தேன், ரிம்மு அகலத்த பாக்கணும்னு தோணவே இல்ல.

திருப்பி அனுப்பியிருக்கலாம்தான். மஞ்ச குங்குமம் வெச்சி சபைல எறக்குன சீர எப்பிடிண்ணே திருப்புறது? பொண்ணு வூட்டு வாசல தாண்டி சீரு திரும்பி வந்தா அது நல்லதுக்கா? அதெல்லாம் ஒரு சாக்குனு வெச்சிக்குங்களேன். செல்வாம்பாள் வாய நெனச்சேன், அவ்ளோதான். மாமன் கொண்டாந்த சீரு பொருந்தலனு ஊரு பூரா சொல்லியிருக்கும்.

நான் கம்பெனில ஃபிட்டரு. அரம் கைல இருந்தா எதையும் பொருத்திப்புடலாம்னு ஒரு திமிரு. கட்டைய ராவுனேன். ரப்பரு பாதியா ஆவுற வரைக்கும் ராவுனேன். அப்பவும் உரசிச்சி. பிரேக்கு பக்கத்துல இந்த சின்ன லிவரு இருக்குல்ல, சக்கரத்த கழட்டும்போது தெறந்துக்கினு அப்பறம் மூடுவோமே, அத்த தெறந்தாப்பலயே வுட்டுட்டேன். சக்கரம் சும்மா வழுக்கிக்கினு சுத்துச்சி. தெருவுல நானே ஒரு ரவுண்டு தள்ளிப் பாத்தேன், நின்னுது. பூ சுத்துன அந்த சக்கரத்தோட பாப்பா தெருவுல போவும்போது எங்கக்கா மேனகா கண்ணுல தண்ணியே வந்திடிச்சி.

தெரியும்ணே. தப்புதான். நீங்க மொறைக்கவே வேணாம், நானே என்ன செருப்பால அடிச்சிக்கணும். பாப்பா அன்னிக்கே கேட்டுது. மாமா, பிரேக்கு பூரா கைக்கு வருதே, அப்பறந்தான் புடிக்குதேன்னு. புதுசுமா, ஓட்ட ஓட்ட செட்டாயிடும்னு சொன்னேன். மாமா சொன்னா அதுக்கு வேதம். சரி மாமான்னு சொல்லிட்டுப் போயிடிச்சி.

வில்லியனூரு ரோட்டுலண்ணே. முன்னாடி போன ஷேர் ஆட்டோ ஆள எறக்க திடீர்னு நிறுத்திட்டான். பாப்பா புடிச்சிருக்குது, கைக்கு வந்திருக்குது, நிக்கல. தோள்பட்ட எலும்பு ஒடஞ்சிடிச்சி. மொகத்துல தையல். உசுருக்கு ஒண்ணும் இல்ல, சாமி புண்ணியம். இன்னிக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்கு அனுப்புறாங்க.

அதான் அவசரம். அக்கா வூட்டுக்காரரு புருஷோத்தமன், தங்கமான மனுசன், ஆனா புடிச்சா புடிச்சதுதான். இவ்ளோ நல்லா ஓட்டுற புள்ள எப்பிடி போயி இடிச்சிதுன்னு அவருக்கு மனசே ஆறல. நாளைக்கு சைக்கிள கோச்சு விஜயராகவன் சார்கிட்ட எடுத்துப் போயி காட்டப் போறாரு. அந்த சாரு ஒரு தடவ பாத்தா போதும், ராவுன கட்டையும் தெறந்த லிவரும் காட்டிக் குடுத்துடும். நெளிசல எடுத்தாறேன் மாமான்னு சொல்லி நான் முந்திக்கினு தூக்கியாந்துட்டேன். புது பிரேக்கு மாட்டிட்டா அவரு கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு...

ஏன் நிறுத்திட்டீங்க? மாட்டுங்கண்ணே. நான் ஒண்ணும் கொலகாரன் இல்ல. அந்தப் புள்ளைய மடியில வெச்சி மொட்ட அடிச்சி காது குத்துனவன் நான். என் தோள்பட்ட ஒடஞ்சிருக்கலாம்னு நெனைக்காத நேரம் இல்ல. எங்கூட்டுல என் பொண்டாட்டிக்குக் கூட சொல்லல. உங்கள முன்னப் பின்ன பாத்ததில்ல, அதனாலதான் வாய் தெறக்குது.

பாப்பாவுக்கா? தெரியும்ணே. சைக்கிள் ஓட்டுற புள்ளைக்கு லிவரு தெறந்திருந்தது தெரியாம போவுமா? விழுந்து கெடக்கும்போதே பாத்திருக்கும்.

காலைல மொத வேலையா ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருந்தேன். அப்பா காசு கட்டப் போயிருந்தாரு, அம்மா மாத்திர வாங்கப் போயிருந்தாங்க. பாப்பா என்ன கிட்ட வான்னுச்சி. தையல் போட்ட வாய தெறக்க முடியாம காதுல சொல்லுது. மாமா, பயப்படாதீங்க. சக்கரத்த தொடைக்கும்போது லிவர நான்தான் தெறந்தேன், மூட மறந்துட்டேன், கட்டையும் நானேதான் ராவுனேன்னு அப்பாகிட்ட சொல்லப் போறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கன்னுச்சி.

நான் வேணாம்னு சொல்லலண்ணே.

அவங்க ரெண்டு பேரும் வந்தாங்க. அதே மாதிரியே சொல்லிச்சி, ஒரு வார்த்த மாறல. அக்கா வூட்டுக்காரரு மட்டும், கட்ட ராவுற வேல இதுக்கு எங்க தெரியும், எதுக்கும் சார்கிட்ட காட்டிடுறேன்னாரு. எங்கக்கா கட்டில் பக்கத்துலயே நின்னு அந்தப் புள்ளைய திட்டுது. கொழுப்பெடுத்தவளே, இனிமே சைக்கிள் பக்கம் போனா கால ஒடிச்சிடுவேன், மாமன் ஆசையா வாங்கிக் குடுத்ததக் கூட ஒழுங்கா வெச்சிக்கத் தெரியலயான்னு கேக்குது. பாப்பா தலைய குனிஞ்சிக்கினு சாரிம்மான்னு சொல்லுது. நான் பக்கத்துல உக்காந்து கமலாப்பழம் உரிச்சிக்கினு இருந்தேன்.