அழிச்சாலும் தெரியுற பேரு

— பில்லு எப்டி வரும்னுதான் எல்லாரும் கேப்பாங்க அண்ணா. நீங்க ஒருத்தர்தான் ஆளு பேரு நிக்குமான்னு கேக்கறீங்க.

— பில்லும் வேணும் இனியாம்மா. செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸ்காரங்க கம்ப்யூட்டர் பில்லு இல்லாம காசு குடுக்க மாட்டேன்றாங்க. அதுக்குத்தான் உங்க சாஃப்ட்வேர் கடைக்கே வந்தேன். இருபத்திரெண்டு வருசம் ஒருத்தர்கிட்ட பெயிண்டரா இருந்தேன். தை மாசத்துலேந்துதான் சொந்தமா காண்ட்ராக்டு. எங்கூட ஒம்பது பேரு. ஒம்பது பேரும் கணக்குல நிக்கணும்.

— சரி, மொதல்ல இந்த மொபைல் ஆப்பைப் பாருங்க. காசே இல்ல. ஆதிமூலம் பெயிண்டிங் ஒர்க்ஸ்னு போட்டா ரெண்டே நிமிசத்துல பில்லு.

— ஒம்பது பேருக்கு ஒர்க்ஸா. சரி போடு. இதுல ஒரு ஆளை எடுக்கணும்னா?

— பேரைத் தள்ளி வுட்டாப் போயிடும். ஈஸி.

— அப்ப வேணாம்மா.

— இது ரெண்டாவது. கம்ப்யூட்டர்ல போடறது. பாஸ்வேர்டு தெரிஞ்சவங்கதான் அழிக்க முடியும்.

— அது யாருகிட்ட இருக்கும்?

— உங்ககிட்டதான். மொதலாளி நீங்கதானே.

— அதான்மா பயமா இருக்கு.

— என்னண்ணா இப்டி சொல்றீங்க?

— எங்கூட கருப்பன்னு ஒருத்தன் வேலை செஞ்சான். ரெண்டு வருசம் முன்ன, கார்த்திகை தீபத்துக்குள்ள லாட்ஜை முடிச்சுக் குடுக்கற அவசரம். கொடியேத்தத்துக்கு மொத நாளு, சாயந்தரம் நாலு மணி, மூணாவது மாடி சாரத்துலேந்து விழுந்துட்டான். அன்னைக்கே போயிட்டான். அவன் பொண்டாட்டி ஆதிலட்சுமி நஷ்டஈடு கேட்டு நடையா நடக்குது. மொதலாளி இன்னா சொல்றாரு தெரியுமா? அப்டி ஒரு ஆளு என் கணக்குலயே கெடையாதுன்றாரு.

— நீங்க பாத்ததைச் சொல்ல வேண்டியதுதானே?

— சொன்னேன். அதுக்கப்புறம் அங்க எப்டி இருக்கறது, வெளிய வந்துட்டேன். இப்ப, சண்டை போட்டுகினு போனவன் வேற எப்டிச் சொல்லுவான்னு அவங்க வக்கீல் கேக்கறாரு. காயிதம் இருந்தா காட்டுன்றாங்க. வர்ற வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை, இங்கதான், கலெக்டர் ஆபீஸ்ல. அதுக்குள்ள ஒண்ணும் கெடைக்கலன்னா அந்தப் பொண்ணு வெறுங்கையோட போவ வேண்டியதுதான்.

— அப்டின்னா நீங்க இந்த மூணாவதைத்தான் வாங்கணும் அண்ணா. வெலை கொஞ்சம் ஜாஸ்தி, வருசா வருசம் கட்டணும். ஆனா எதை அழிச்சாலும், எப்ப அழிச்சாங்க, யார் அழிச்சாங்கன்னு உள்ள நிக்கும். நாமளே நெனச்சாலும் அதை எடுக்க முடியாது.

— வாயால சொன்னா ஆச்சா? காட்டும்மா.

— புது ஃபைல்ல ஒண்ணும் இருக்காதே. இருங்க, ஒரு கஸ்டமரோட பேக்கப் எங்ககிட்ட இருக்கு. கம்பெனி பேரை மட்டும் மறைச்சிடறேன். நீங்க படிக்க வேணாம் அண்ணா, கலரைப் பாத்தாப் போதும். பச்சை சேத்தது, சிவப்பு அழிச்சது.

— படிப்பேம்மா. மெதுவா வரும். நாப்பது வயசுக்கு மேல பெயிண்ட் டப்பாவைப் பாத்துப் பாத்துக் கத்துக்கினது.

— ஐயோ, சாரி அண்ணா. படிங்க.

— ரா... ராஜமாணிக்கம். ப, ர, சு... பரசுராமன். இன்னாம்மா இது, எங்கூட இருந்தவங்க பேராட்டம் இருக்குது.

— ஊருல எத்தனையோ பரசுராமன் அண்ணா.

— ஆதி... ஆதிமூலம். இதுவும் எத்தனையோ பேரா? கொஞ்சம் கீழ தள்ளு. அந்தச் சிவப்பு. க... ரு... கருப்பன். தேதி பதினாறு, பதினோராம் மாசம். அதே நாளும்மா. பக்கத்துல பொடி எழுத்தா இருக்குதே, அது இன்னா?

— நீக்கப்பட்டதுன்னு இருக்கு. சாயந்தரம் அஞ்சு நாப்பதுக்கு.

— அஞ்சு நாப்பதா?

— ஆமா அண்ணா.

— அப்ப அவன் ஆஸ்பத்திரில தண்ணி கேட்டுகினு இருந்தான். உசுரு போனது ஒம்பது மணிக்கு.

— ஐயோ.

— இதை ஒரு காயிதத்துல எடுத்துக் குடும்மா.

— முடியாதுண்ணா. கஸ்டமர் ஃபைலு. உங்களுக்குக் காட்டுனதே தப்பு. ஓனருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்.

— சரி, வுடு. உன் பொழப்பைக் கெடுத்துக்காத. இப்டி ஒண்ணு இருக்குதுன்னு வெள்ளிக்கிழமை நான் சொல்றேன். அவங்களே கேட்டு வாங்கட்டும்.

— வாங்குவாங்க. ஆனா உங்க மொதலாளி தப்பிச்சிடுவாருண்ணா. அழிச்சது அவரு பேருல இல்ல. சப்போர்ட் ரெண்டுன்னு இருக்கு.

— அது யாரு?

— எங்க ஆபீஸ்ல ஒரு சீட்டு. கஸ்டமருக்குச் செய்யத் தெரியலன்னா போன் பண்ணுவாங்க, நாங்க இங்கேந்தே செஞ்சு குடுப்போம். எனக்கு ஒண்ணுமே தெரியாது, கம்ப்யூட்டர்காரங்கதான் தப்பா அழிச்சிட்டாங்கன்னு சொல்லிடுவாரு.

— போன்ல இவருதான் சொன்னாருன்னு அழிச்சவங்களே வந்து சொன்னா?

— சொன்னா மாட்டுவாரு.

— எங்கம்மா வரப்போறாங்க. யாரோ ஒரு புள்ள. சொன்னதைச் செஞ்சிட்டு அன்னைக்கே மறந்திருக்கும்.

— வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு அண்ணா?

— பத்தரைக்கு. ஏம்மா?

— லீவு சொல்லிட்டு வரேன். ஒரு பேரு ரெண்டு தடவை ஏறிடுச்சு, ஒண்ணை எடுத்துடும்மான்னு போன்ல சிரிச்சுகிட்டே சொன்னாரு. எடுத்தது நான்தான்.