வெட்டி எடுத்த வரைபடம்

பறவைப் புத்தகமோ பாம்புப் புத்தகமோ, வாங்கும்போது படத்தைப் பார்த்து மயங்கக்கூடாது இன்ஸ்பெக்டர் ஐயா. எந்த நாட்டு உயிர்களைப் பற்றியது என்று முதல் தாளில் வரைபடம் இருக்கும். அதைத்தான் பார்க்கவேண்டும்.

ஏரிப் பூங்காவில் இருபது வருஷமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி அள்ளினேன். முழங்கால் விட்டுப்போனது. வருகிறவர்களுக்குப் பறவை காட்டும் வேலை என்றால் நிழலில் நடக்கலாம். அதற்காகவே நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக்கூட்டக் கற்றேன். மேலாளர் என் மனைவியின் தம்பியை எடுத்தார். "அவனுக்கு வாய் இருக்கு, உனக்கு வயசுதான் இருக்கு" என்று சிரித்தார். அவனுக்கு வேண்டிய பறவை, பாம்புப் புத்தகங்களை வாங்கிவர மட்டும் என்னை அனுப்பினார்.

சாகிறவரைக்கும் அந்தத் தண்ணீர்தானா என்று கடைக்குப் போகிற வழியெல்லாம் நினைத்தேன்.

பறவைக்கு நம் நாட்டுப் புத்தகமே எடுத்தேன், குறை சொல்ல முடியாது. பாம்புக்கு மட்டும் கடல் தாண்டிய நாட்டுடையது. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம், விஷமில்லை, கையில் எடுக்கலாம் என்று போட்டிருந்தது. நம் பக்கம் அந்தச் சாயலில் இருப்பது கட்டுவிரியன். வரைபடத் தாளை பிளேடால் வெட்டினேன். நாட்டின் பெயர் தெரியாதபடி அட்டை போட்டேன்.

புத்தகத்தை அவனிடம் கொடுத்த பத்தாம் நாள் பகலில், படகுக் கொட்டகையில் ஒன்று சுருண்டு கிடந்தது.

"மாமா, பூனைக்குட்டி மாதிரி கிடக்கு. எடுக்கவா?"

"என்னை ஏன் கேக்குற மாப்பிள்ளை? புத்தகத்தைப் பாரு."

பார்த்துவிட்டுத்தான் எடுத்தான்.

"கடிச்சிடுச்சு மாமா. எறும்பு கடிச்ச அளவுகூட வலிக்கல."

சாயங்காலம் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றான். "களைப்பா இருக்கும், படு" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். மூச்சு நிற்கும்வரை விசிறினேன்.

வேலை எனக்கு வந்தது. இப்போது புல் அசைந்தாலே பின்வாங்கி நிற்கிறேன்.

இன்று காலை என் மனைவி அந்தப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். வெட்டிய ஓரத்தை விரலால் தடவினாள்.

"இங்க என்னங்க இருந்துச்சு?"

"வெறுந்தாள்."

"வெறுந்தாளை யாராவது வெட்டுவாங்களா?"

நான் நேராக இங்கே வந்துவிட்டேன்.

தெரிந்தேதான் செய்தேன் ஐயா, கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தம்பியைப் பறிகொடுத்த மனசு, தாங்காது. என் பயமெல்லாம் அவளை நினைத்துத்தான்.