மூன்று மாதமாகத் திறக்காதவை

பக்கத்து அறையில் விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. வரும்போது பார்த்தேன், உள்ளே ஒருவரும் இல்லை. யாரையாவது அனுப்பி நிறுத்தச் சொன்னால் நான் நிம்மதியாகப் பேசுவேன். தவறாக நினைக்க வேண்டாம், பழக்கம் அப்படி. என் அப்பா மில்லில் கழிவுப் பஞ்சுப் பிரிவில் இருந்தவர். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால்கூட அன்று முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

நன்றி. நீங்களும் உட்காருங்கள் சார்.

ஜானகிராமன் என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டால் அரசு அலுவலகங்களில் பலருக்குத் தெரியாது. 'லைசென்ஸ் சார்' என்றால் தெரியும். வண்டி லைசென்ஸ் இல்லை, கம்ப்யூட்டர் மென்பொருளுக்கான லைசென்ஸ். ஒவ்வொரு துறையும் தன் இஷ்டத்துக்கு வாங்கிப் போட்டு, வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டிருந்தது. எதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பெயர்ப்பலகைகளில் பாண்டிச்சேரியை அழித்துப் புதுச்சேரி என்று எழுதிக்கொண்டிருந்த சமயத்தில் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

அப்படி ஒரு வேடிக்கையை நான் பார்த்ததில்லை. ஓர் அலுவலகம் கட்டடம் வரைகிற மென்பொருளை எழுபது பேருக்கு வாங்கி வைத்திருந்தது. அங்கே வரையத் தெரிந்தவர் ஒரே ஒரு பெண். அவரும் பிரசவத்துக்குப் போயிருந்தார். இன்னோர் இடத்தில் பிரெஞ்சைத் தமிழாக்குகிற மென்பொருள். யாரோ ஒருவர் தன் பெயரைப் போட்டுப் பார்த்திருக்கிறார், அதோடு சரி. ஓய்வுபெற்று, காலமாகி, கருமாதியும் முடிந்துவிட்ட ஒரு கண்காணிப்பாளரின் கம்ப்யூட்டருக்கு வைரஸ் தாக்காமல் இருக்கத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவரை இனி எந்த வைரஸ் என்ன செய்துவிடும்?

எல்லா லைசென்ஸையும் என் அறையிலிருந்த ஒரே கம்ப்யூட்டரின் கீழ் கொண்டுவந்தேன். எந்த மென்பொருள் எப்போது திறக்கப்பட்டது என்பது அதில் தெரியும். நிறுத்துவதும் திறந்துவிடுவதும் அங்கிருந்தேதான். மூன்று மாதமாக ஒருவரும் திறக்காததை நிறுத்திவிடுவேன். மார்ச் வரை யாரும் கேட்காவிட்டால் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். நிறுத்தியது பலருக்குத் தெரியக்கூட இல்லை. ஒரு பொருள் வேண்டாதது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

டெல்லிவரை பேச்சு போனது. அடுத்த ஜனவரியில் நடக்கப்போகிற அகில இந்தியக் கூட்டத்தில் எனக்குப் பரிசு என்று சொன்னார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். நிறுத்தியவற்றில் எத்தனை மறுபடி தேவைப்பட்டன? ஒன்றுகூட இல்லை என்று எழுதி அனுப்பியிருந்தேன். அது உண்மையாகவும் இருந்தது. இந்தியாவில் வேறெந்த ஊரும் அப்படி எழுத முடியவில்லையாம். அந்த வாரம் முழுவதும் சைக்கிளில் போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

கடலோர எச்சரிக்கை மென்பொருளும் நான் நிறுத்தியவற்றில் ஒன்று. சுனாமிக்குப் பிறகு வாங்கியது. ஒரு பொத்தானை அழுத்தினால் மீனவ கிராமங்களில், கடலில் படகிலிருப்பவர்கள் உட்பட, எல்லாருடைய போனும் ஒரே சமயத்தில் அடிக்கும், குரல் பேசும், கரையிலிருக்கும் சங்கு ஊதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாகத் திறக்கவே இல்லை.

புயல் கட்டுப்பாட்டு அறையில் ஒப்பந்த வேலையில் இருந்த சுமலதா அதற்காக நேரில் வந்தார். தவளக்குப்பத்துப் பெண். நின்றுகொண்டேதான் பேசினார்.

"சார், அது புயல் வந்தாதான் தொறப்போம். தெனமுமா சார் புயல் வருது?"

நியாயமான கேள்வி. அது எனக்கு அப்போதே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன்.

"வேணும்னா ஒரு போன் பண்ணும்மா. இங்கேருந்தே தொறந்து வுடறேன். ஒரு நிமிஷ வேலை" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவரும் நம்பிக்கையோடு போனார்.

நவம்பரில் அந்தக் காற்றழுத்தத் தாழ்வு வந்தது. நெல்லூர்ப் பக்கம் போய்விடும் என்றுதான் காலையில் சொன்னார்கள். கனகசெட்டிக்குளத்திலிருந்து சில படகுகள் கடலுக்குள் போயிருந்தன. மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மேஜை போன் அடித்தது. எதிரில் உட்கார்ந்திருக்கும் மேனகா எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சார், காத்து நம்ம பக்கம் திரும்பிடுச்சாம்" என்றார் சுமலதா. "கனகசெட்டிக்குளத்துப் படகுங்க இன்னும் உள்ளதான் இருக்கு. அத தொறந்து வுடுங்க சார்."

"வச்சிடும்மா, தொறந்துட்டு கூப்பிடறேன்."

கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை எடுத்தேன். திறக்கவா என்று அது கேட்டது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. திறந்தால் அது தேவைப்பட்டது என்று ஆகிவிடும். டெல்லிக்கு மறுபடி எழுத வேண்டும். ஒன்றுமில்லை என்பது ஒன்று என்று மாறிவிடும். கேட்பவருக்குச் சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். வெள்ளை வேட்டியில் ஒரே ஒரு மைச்சொட்டு விழுந்தால் அதை எத்தனை பேர் வெள்ளை வேட்டி என்பார்கள்?

பக்கத்தை மூடிவிட்டுச் சாப்பிட்டேன். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல்.

மறுபடி போன் வந்தது. மெயின் கம்ப்யூட்டர் கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "காத்து திரும்பிடும்மா, பயப்படாத" என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு அடித்தபோது எடுக்க வேண்டாம் என்று மேனகாவிடம் கையைக் காட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். காகிதங்கள் பறக்கத் தொடங்கியிருந்தன.

சுமலதா கெட்டிக்காரப் பெண். அலுவலக போனில் ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றிப் படகுக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறார். கிடைத்தவர்களெல்லாம் கரைக்குத் திரும்பிவிட்டார்கள். காற்றில் போன் கம்பி அறுந்தபோது அவர் கூப்பிடாமல் மிச்சமிருந்தது தேவதாஸ் என்பவரின் படகு ஒன்றுதான். அவரும் அவருடைய இரண்டு மகன்களும் அதில் இருந்தார்கள்.

பிறகு ஒரு விசாரணை நடந்தது. லைசென்ஸைத் திறக்கச் சொல்லி உங்களிடம் யாராவது கேட்டார்களா என்றார்கள். இல்லை என்றேன். மேஜை போனில் யார் கூப்பிட்டார்கள் என்பது எங்கேயும் பதிவாகாது. நான் பரிசு வாங்கப்போகிற அதிகாரி, கேட்டேன் என்று சொன்ன சுமலதா ஒப்பந்தப் பெண். வேறெதையும் நான் செய்ய வேண்டியிருக்கவில்லை. பதற்றத்தில் மறந்திருப்பார், பாவம், கடுமையாக எதுவும் செய்துவிடாதீர்கள் என்றுகூட அவருக்காகப் பேசினேன். வேலையைவிட்டு நிறுத்தியதோடு முடித்துக்கொண்டார்கள். அவர் இடத்துக்கு வேறு ஆளும் போடவில்லை. அதுவும் ஒருவகையில் சிக்கனம்தான்.

மேனகா உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு என்மேல் இருந்த மரியாதைதான் காரணமாக இருக்கும்.

நீங்கள் தயாரித்து வைத்திருக்கும் வாக்குமூலத்தைப் படித்தேன். எழுத்து தெளிவாக இருக்கிறது. ஒரே ஒரு சொல்தான் சரியில்லை. நான் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். இருபத்தெட்டு வருட வேலையில் அந்தச் சொல்லை என்மேல் யாரும் போட்டதில்லை. படகுகள் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். திறந்துவிட்டால் அவர்கள் எல்லாரும் கரைக்கு வந்துவிடுவார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் மூடினேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. தேவதாசின் மனைவி செல்வாம்பாள் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார். இளையவனின் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் தர மாட்டோம் என்று எல்லா இடத்திலும் அலையவிட்டிருக்கிறார்கள். யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து, நானே உடன் போய் நின்று வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒரு நாள்கூடத் தாமதம் வைக்கவில்லை.

"எம் புள்ள செத்துப்போனான்னு ஒரு காயிதம் வாங்க எத்தினி பீரோ, எத்தினி ஆபீசு ஏறி எறங்கனேன். ஒங்க ஒருத்தருக்குதான் சார் மனசு எறங்குச்சு" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டார். மறுநாள் கருவாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் கருவாடு சாப்பிடுவதில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

இங்கே நான் சொன்னதெல்லாம் அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முடியுமா சார்? எனக்காகக் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு என்மேல் நல்ல எண்ணம் இருக்கிறது. அதை வீணாக்கிவிடாதீர்கள்.